எங்கள் ஆலயத்துப் பட்டுப் பீரோ

ஒரு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கம்பளி கொடுத்தோம். சென்னையில், மயிலாப்பூரில், கம்பளி. அந்த யோசனை யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுடையது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பழைய ஆங்கிலிக்கன் ஆலயம். அதன் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினர். சுற்றியுள்ள தெருக்களில் தள்ளுவண்டி போடுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று பல குடும்பங்களைத் தேடிப் போய், ஜெபம் பண்ணி, ஆளுக்கொரு கம்பளியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். வாங்கிக்கொண்டவர்கள் வியர்வையைத் துடைத்தபடி நன்றி சொன்னார்கள்.

பொங்கல் வருவதற்குள் அந்தக் கம்பளிகள் எல்லாம் ஊரில் நல்ல வேலையில் சேர்ந்துவிட்டன. ஒன்று ஆட்டோவின் பின்சீட்டில் விரிப்பு. ஒன்று தர்பூசணிக் குவியலுக்கு அடியில். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, தன் கம்பளியை நான்காக மடித்துத் தேய்க்கும் பலகை மேல் மெத்தையாகப் போட்டிருந்தார். ஆலயப் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளை வாரந்தோறும் தேய்த்துக் கொடுப்பவர் அவர்தான். அங்கிகளை வாங்கப் போன எங்கள் ஆயர் இதைப் பார்த்துவிட்டார். ஆயருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், அதிகம் பேசமாட்டார். அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் தேநீர் வரும் நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

“அடுத்த தடவை, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுக்கலாமே?”

சங்கத்தின் செயலாளர் அக்கா வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் உடனே அதை யார் தலையிலாவது கட்டிவிடுவார். “நீ அந்தத் தெருவுலதானே இருக்கே? நீயே கேட்டுட்டு வா” என்றார் என்னிடம்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மறுநாள் அடையாற்றில் நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளியிலிருந்து திரும்பும்போது இஸ்திரி வண்டியில் நின்றேன். அடுத்த வருஷம் என்ன கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். அக்கா கரிப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

“நெசமாத்தான் கேக்கறியா டீச்சரம்மா? சொன்னா சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கமாட்டேன்.”

“எம் பொண்ணுக்குக் கண்ணாலம் வச்சிக்கீது. முகூர்த்தப் பொடவ மாப்ள வூட்ல எடுத்துருவாங்க. அது பிரச்சன இல்ல. முந்தின நாளு சாயங்காலம் ரிசப்ஷன் கீது பாரு, அதுக்குத்தான். தி.நகர் போனேன். கடைக்குள்ளயே போவல, கண்ணாடி வழியாவே வெலயப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். ஒரு நா கூத்துக்கு அவ்ளோ போட முடியுமா? நாள் பூரா ஊரார் பட்டுப்பொடவயத் தேச்சிக்கினுகீறேன். எல்லாம் வருசத்துக்கு ஒருவாட்டி வெளிய வந்துட்டு மறுபடி பீரோவுல போய்ப் படுத்துக்குது. அதுல ஒண்ண ஒரு நாளைக்கு இரவல் குடுத்தா இன்னா கொறஞ்சு பூடும்?”

நான் சிரிக்கவில்லை. நேராகச் செயலாளர் அக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், “எங்கிட்டயே பதினேழு படுத்துட்டிருக்கு” என்றார்.

இரண்டு ஞாயிறுகளில் ஆலயத்தின் பின்னறை பட்டுப்புடவைக் கடையாகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் பையும் கையுமாக வந்தார்கள். மாம்பழ மஞ்சள், அரக்கு, வாடாமல்லி, இங்க் நீலம். ஒரு டாக்டரம்மா தன் மகள் வெளிநாட்டில் ஜீன்ஸைத் தவிர எதுவும் போடுவதில்லை என்று ஆறு புடவைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு, வாசல்வரை போய் மறுபடி வந்து அதையும் வைத்துவிட்டுப் போனார். பழைய திருவிருந்துத் துணிகள் இருந்த இரும்பு பீரோ காலியாக்கப்பட்டது. யாருக்குக் கல்யாணம் என்றாலும், எந்த மதமானாலும், வந்து பார்த்துப் பிடித்ததை எடுத்துப்போய் நான்கு நாளில் திருப்பித் தரலாம். அவ்வளவுதான் சட்டம்.

இந்த உற்சாகத்தில்தான் நான் தப்புச் செய்தேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அத்தை முப்பது வருஷம் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். விசில் இல்லாமலேயே விசில் அடிக்கிற குரல். வீட்டில் அவர் “எழுந்திரு” என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்திருப்பார்கள். சங்கக் கூட்டங்களுக்கு மட்டும் வரமாட்டார். “அரை மணி ஜெபம், ரெண்டு மணி வம்பு” என்பார். ஆனாலும் பட்டுப் பீரோ பற்றிச் சொன்னதும், “என்னோடது ரெண்டு இருக்கு. பரண்ல மஞ்சப்பையில வெச்சிருக்கேன், கொண்டுபோய்க் கொடு” என்றார்.

பரணில் மஞ்சள் பை இரண்டு இருந்தன. ஒரே கடையுடையவை, ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலய மணி அடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் கீழே ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார். கைக்கு எட்டிய பையை இழுத்துக்கொண்டு ஓடினேன். பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே செயலாளர் அக்காவிடம் நீட்டினேன். புதன்கிழமை புடவைகளைப் பிரித்து அடுக்கிய அன்றும் நான் போகவில்லை. பள்ளியில் தேர்வு மேற்பார்வை.

ஒரு மாதம் கழித்து இஸ்திரி அக்கா வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார். திருவான்மியூரில் ஒரு சின்ன மண்டபம். “பெரிய டீச்சரும் கண்டிப்பா வரணும்” என்று அத்தையின் கையைப் பிடித்துச் சொன்னார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். ரிசப்ஷனுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

“அந்த இன்னொரு மஞ்சப்பையை எடு. என் கல்யாணப் புடவை அதுலதான் இருக்கு. மயில்கழுத்து. ரிசப்ஷனுக்கு அதைத்தான் கட்டப்போறேன்.”

பரணில் ஏறினேன். பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு பழைய புடவைகள் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. மயில் கழுத்தும் இல்லை, மயிலும் இல்லை.

ஸ்டூல் மேல் நின்றபடியே எனக்கு உள்ளங்கால்வரை வியர்த்தது. கீழே அத்தை, “என்ன, கிடைச்சுதா?” என்றார். பதினான்கு வருஷ மருமகள் வாழ்க்கையில் நான் சொன்ன மிக வேகமான பொய் அப்போது என் வாயிலிருந்து வந்தது.

“பாலிஷுக்குக் கொடுத்திருக்கேன் அத்தை! உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு!”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல பொண்ணு” என்றார். அதைக் கேட்டதும் இன்னும் வியர்த்தது.

மாலையில் ஆலயத்துக்கு ஓடினேன். செயலாளர் அக்கா பீரோவைத் திறந்து காட்டினார். மயில்கழுத்து இல்லை. யார் எடுத்துப்போனது என்று கேட்டேன். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“யாரு எடுத்தா தெரியுமா? இஸ்திரிக்காரம்மா பொண்ணுதான்! பீரோவைத் திறந்த உடனே நேரா அதுமேல கை வெச்சா.”

“அக்கா, சிரிக்காதீங்க. அத்தை அந்த ரிசப்ஷனுக்குத்தான் வர்றாங்க.”

இதைக் கேட்டதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஒருவழியாக நிமிர்ந்து, “வேற நல்ல புடவையா ஒண்ணு எடுத்துட்டுப் போ. ஏதோ தவறு நடந்துடுச்சுன்னு சொல்லி மாத்திட்டு வா” என்று வாடாமல்லி நிறத்தில் கனமான ஒரு பட்டை என் கையில் வைத்தார்.

இஸ்திரி அக்காவின் வீடு கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள். நான் போனபோது வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் கல்யாணப் பெண். நைட்டிக்கு மேலேயே மயில்கழுத்துப் பட்டைச் சுற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கொசுவம் பிடிக்க, ஒருத்தி செல்போன் விளக்கை அடிக்க, மாம்பழக் கரை அந்தச் சின்னச் சந்தில் பளபளவென்று திரும்பியது. அவள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். ஓடிவரும்போதே கொசுவம் அவிழ்ந்தது.

“டீச்சர்! எப்டிகீது? சொல்லுங்க, எப்டிகீது?”

கையில் இருந்த வாடாமல்லிப் பட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். “ரொம்ப நல்லா இருக்குடி” என்றேன். அது உண்மை. அத்தையின் கல்யாணப் போட்டோவில்கூட அந்தப் புடவை அப்படி இருந்ததில்லை. இஸ்திரி அக்கா என் தோளில் தட்டி, “நாளக் கழிச்சுப் பாரு டீச்சரம்மா, எல்லாத்தயும் நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, கொண்டுபோன புடவையுடனே திரும்பி வந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் இதைக் கேட்கவே இல்லைன்னு வெச்சுக்கோ” என்று சொல்லி, ரிசப்ஷன் அன்று அலுவலகத்தில் மீட்டிங் இருப்பதாகக் கண்டுபிடித்தார்.

ரிசப்ஷன் மாலை ஆறு மணிக்கு. சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒரு வேனில் போனோம். பாலிஷ் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் சொல்ல, அத்தை கத்திரிப்பூ நிறப் பட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் அந்த இல்லாத கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். “கடை எங்கே இருக்கு? நாளைக்கு நானே போறேன்” என்றார். முன்சீட்டில் செயலாளர் அக்காவின் தோள் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. விஷயம் வேனில் எல்லோருக்கும் தெரியும். அத்தை ஒருவரைத் தவிர. அடையாறு தாண்டும்வரை ஒவ்வொருத்தியும் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் லைட் மியூசிக் காதைப் பிளந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்குக் கீழே ஆட்டம். எங்களை முதல் வரிசையிலேயே உட்கார வைத்தார்கள். நான் அத்தைக்கு முன்னால் ஒரு உயரமான ஆள் உட்கார்ந்தால் நன்றாக இருக்குமே என்று வேண்டிக்கொண்டேன். முதல் வரிசைக்கு முன்னால் யார் உட்காருவார்கள்?

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்தார்கள். மஞ்சள் விளக்கு, நீல விளக்கு, நடுவில் மயில்கழுத்து. நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் அத்தை அசையவே இல்லை. ஒரு பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டு ஆரம்பித்தது. பிறகு என் காதோரமாக அந்தக் குரல் வந்தது. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“பாலிஷ் நல்லாத்தான் போட்டிருக்கான்.”

எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. மூக்கு வழியாக ஏதோ ஒரு சத்தம் வந்தது. மறுபக்கத்து நாற்காலியில் இருந்து செயலாளர் அக்கா ஒரு கைக்குட்டையை நீட்டினார். அவருக்கே அது தேவைப்பட்டது போலத்தான் தெரிந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் பாட்டு நின்றது. இஸ்திரி அக்கா பாடகரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கொண்டையில் கொத்துப் பூ, முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

“ஒரு நிமிசம், ஒரு நிமிசம்! எம் பொண்ணு கட்டிக்கினுகீற பொடவ எம்மாம் அழகாகீது, பாத்தீங்களா? அது யார் பொடவ தெரியுமா? இன்னிக்கி நேத்தா, இருவது வருசமா நான் தேச்சுக் குடுத்துக்கினுகீற பொடவ. பாத்த ஒடனே எனுக்குத் தெரிஞ்சுபூச்சு. அந்தம்மா கண்ணாலத்துக்குக் கட்டுன பொடவ. தன் மருமவளுக்குக்கூடக் கட்டக் குடுக்காத பொடவ! எம் பொண்ணுக்குன்னு பீரோவுல கொணாந்து வச்சிட்டு, ஒரு வார்த்த வெளிய சொல்லாம குந்திக்கினுகீறாங்க பாரு, எங்க பெரிய டீச்சர்! எழுந்திருங்கம்மா மவராசி!”

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. டிரம்ஸ்காரர் ஒரு உருட்டு உருட்டினார். மாப்பிள்ளையின் நண்பர்கள் விசிலடித்தார்கள். பன்னிரண்டு சங்கத்துப் பெண்களும் எங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அத்தையையே பார்த்தோம்.

அத்தை எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நேராக மேடை ஏறிப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவாரா? அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பெண்ணின் முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். குனிந்து கொசுவத்தை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்தார். முந்தானையைத் தோளில் ஏற்றி ஊக்கை மாற்றிக் குத்தினார். பிறகு மைக்கை வாங்கினார்.

“நிமிர்ந்து நில்லும்மா! இந்தப் புடவையைக் கட்டிக்கிட்டுக் கூனக் கூடாது!”

பெண் நிமிர்ந்தாள். மாப்பிள்ளையும் நிமிர்ந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நான்கு வரிசையும் நிமிர்ந்தது. அத்தை பெண்ணின் கன்னத்தைத் தட்டி, “நல்லா இருங்க ரெண்டு பேரும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து வேனில் ஏறினோம். நான் அத்தைக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மஞ்சள் பை, ஆலய மணி, ஸ்டூல், பாலிஷ். அத்தை ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தார். அடையாறு பாலத்தின் மேல் வண்டி ஏறியது. கடற்காற்று அடித்தது.

“மைக்ல மவராசின்னு சொல்லிட்டா. அத்தனை பேர் கை தட்டியாச்சு. இனிமே உன்னை நான் எப்படித் திட்டறது?”

சொல்லிவிட்டு அத்தை சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்குக்குள், பிறகு தொண்டையில், பிறகு மைதானத்தில் விசில் ஊதுகிற மாதிரி. அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த வேனே வெடித்தது. டாக்டரம்மாவுக்கு விக்கல் வந்துவிட்டது. ஓட்டுநர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார். செயலாளர் அக்கா “பாலிஷ்... பாலிஷ்...” என்று மட்டும் சொல்லிக் கையை ஆட்டினார்.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். “ஆனா ஒண்ணு. கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களான்னு மட்டும் கேட்காதே. கொடுத்திருக்கமாட்டேன்.”

நான்காம் நாள் இஸ்திரி அக்கா புடவையைத் தேய்த்து, வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, வீட்டுக்கே கொண்டுவந்தார். அத்தை அதைக் கையில் வாங்கவில்லை. “உன் பொண்ணே வெச்சுக்கட்டும். நான் மனசாரத்தான் சொல்றேன்” என்றார். அதைச் சொல்ல அவர் எவ்வளவு யோசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக அவர் சரியாகப் பேசவில்லை.

இஸ்திரி அக்கா தலையை ஆட்டினார். “வேணாம் பெரிய டீச்சர். சும்மா குடுத்தா அது என்னிக்கும் ஒங்க பொடவதான். இரவலா வாங்கிக் கட்டிக்கினு, சுத்தமாத் தேச்சுத் திருப்பிக் குடுத்துட்டோம்னு வையி, அன்னிக்கு ஒரு நாளு அது எம் பொண்ணு பொடவ. அது போதும்.”

அவர் போனபிறகு அத்தை புடவையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் அது அவர் கட்டிலின் மேலேயே இருந்தது. புதன்கிழமை நான்கு மணிக்கு, வாழ்க்கையில் முதல்தடவையாகச் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினார். அரை மணி ஜெபத்தையும் கண்ணை மூடிப் பொறுத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், மயில்கழுத்துப் பட்டைப் பீரோவின் நடுத்தட்டில் வைத்துவிட்டுச் செயலாளர் அக்காவிடம் கையை நீட்டினார்.

“சாவி.”

செயலாளர் அக்கா மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். அவர் அப்படிக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து பட்டுப் பீரோ அத்தையின் ராஜ்யம். தேனாம்பேட்டையிலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அம்மா, சித்தி, அக்கா என்று ஒரு கூட்டமே கூட வரும். பின்னறையில் காபி, கேலி, சண்டை. “அந்தக் கலர் உனக்கு எடுக்காது, இதைக் கட்டு” என்று அத்தை சொன்னால் மேல்முறையீடு கிடையாது. ஆனால் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, பல சமயம் அவரே மேல்முறையீட்டை ஏற்றுக்கொள்வதும் உண்டு.

போன தை மாதம் ஒரு பெண்ணோடு மாப்பிள்ளைப் பையனும் வந்திருந்தான். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. கதவைப் போல அகலமான தோள். பெண் புடவைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஓரமாக நின்று கேட்டான். “ஆண்டி, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாதா?”

அறையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடியும் கேட்காமலேயே இருந்துவிட்டோம்! அந்த நேரம் பார்த்து எதற்கோ உள்ளே வந்த ஆயர் மாட்டிக்கொண்டார். தன் கல்யாணக் கோட்டை அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார். “எனக்கு இது சின்னதாயிடுச்சு” என்று கூச்சத்தோடு சொன்னார். ஒல்லியான ஆயருக்கு அது இன்றும் சரியாகத்தான் இருக்கும், பையனுக்குத்தான் பற்றாது என்பது அவன் கையை நுழைத்ததுமே தெரிந்தது. ஆனாலும் அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ரிசப்ஷன் மேடையில் மாலை மாற்றக் கையைத் தூக்கியபோது கோட்டின் முதுகு மேலிருந்து கீழ்வரை டர்ரென்று கிழிந்ததாம். பெண் உடனே ஒரு சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்திவிட்டாளாம். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு இருவருமே ஆலயத்துக்கு வந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார்கள். ஆனால் முதல் பக்கத்தைப் புரட்டியதும் எங்கள் ஆயர், அதிகம் பேசாத ஆயர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை சால்வைக்குள் மந்திரி மாதிரி விறைப்பாக நிற்கிறான். பக்கத்தில் பெண், ஒன்றிலாவது வாயை மூடியிருக்கவேண்டுமே, பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.